குட்டி என்ற அட்டவணை

"இது என்னம்மா?"

மேலாளர் திரையை அவள் பக்கம் திருப்பினார். அவள் எழுதிய புரோகிராம்தான். மருத்துவமனையில் எந்த வார்டுக்கு எத்தனை படுக்கை தேவைப்படும் என்று முன்கூட்டியே கணிப்பது. நடுவில் ஓர் அட்டவணைக்கு 'குட்டி' என்று பெயர்.

மேலாளர் விரலை அந்தப் பெயர்மேல் வைத்தார்.

"எல்லாரும் ஒரே மாதிரி எழுதணும், நாளைக்கு யார் எடுத்துப் படிச்சாலும் புரியணும்னு சட்டம் போட்டதே நீங்கதான். பேர் கொஞ்சம் மாறியிருந்தாகூடத் திருப்பி அனுப்புவீங்க. ஹெட்மாஸ்டர்னு உங்களுக்குப் பட்டப்பேர் இருக்கறது தெரியுமா?"

"தெரியும் சார்."

"இந்த ஆபீஸ்ல அட்டவணைக்கெல்லாம் மகளோட செல்லப்பேரை வைக்கிறவர் ஒருத்தர்தான். உங்க பக்கத்து சீட்டுக்காரர். நீங்க எவ்வளவு சண்டை போட்டும் மனுஷன் மாத்திக்கலை. அவர் வைக்கிற பேர் உங்க புரோகிராம்ல எப்படி வந்தது? காப்பி அடிச்சீங்களா?"

அவள் கண்ணாடிக் கதவு வழியே அவர் இருக்கையைப் பார்த்தாள்.

"சரி, அவரையே கூப்பிட்டுக் கேட்டுடலாம்." போனை எடுத்தார்.

"வேண்டாம் சார். காப்பிதான் அடிச்சேன்."

போனை வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

"டீம் லீடர் பதவிக்கு உங்களைத்தான் சொல்லியிருந்தேன். இனி அந்தப் பேச்சே வேண்டாம். பெத்த பொண்ணைப் பறிகொடுத்துட்டும் ஒரு வேலை பாக்கி வைக்காம முடிச்சுக் கொடுக்கிறார் அந்த மனுஷன். அவர் உழைப்புலயா கை வைப்பீங்க? உறுத்தலையா?"

"தப்புதான் சார்."

இருக்கைக்குத் திரும்பினாள். பக்கத்து இருக்கையில் அவர் கைகளை மடியில் போட்டுக்கொண்டு வெறும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எதுக்கும்மா கூப்பிட்டார்?"

"ஒண்ணுமில்லண்ணா. என் புரோகிராம்ல சின்னக் குளறுபடி. சரி பண்ணிடறேன்."

"என்னாலயா?"

"மழை பெய்யாட்டிக்கூட உங்களாலதான்னு சொல்வீங்க. டீ ஆறுது, குடிங்கண்ணா."

அவர் சிரிக்க முயன்றார். முடியவில்லை.

அவள் தன் கணினியில் அவருடைய பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே நுழைந்தாள். மகள் போன பிறகு, அந்தச் செல்லப்பெயரைத் தாண்டி அவரால் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. அவர் வேலையை அவர் பழக்கத்திலேயே, தன் கைக்கும் அது ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு, யாருக்கும் வித்தியாசம் தெரியாமல், இத்தனை மாதமாக எழுதிக் கொடுத்து வருகிறவள் இவள்தான்.