இருபது நாள் பயணம்

"இன்னும் பிளேன் விடல்லியாம் மகள்," என்றாள் றஹ்மா, கைப்பேசித் திரையைப் பார்க்காமல்.

விடத் தொடங்கி நான்கு நாளாகிவிட்டது.

திங்கட்கிழமை காலையிலேயே ஸப்வான் அழைத்துவிட்டான். பயணச்சீட்டு போட்டுக் கொடுக்கிறவன், தூரத்து உறவு. "ராத்தா, பாதை திறந்துட்டாங்க. நாளைக்கே ஒரு சீட் இரிக்கி, போடவா?"

அவனிடம் முழங்கால் வலி என்றாள். கணவர் கலீலுர் றஹ்மானிடம் சீட் கிடைக்கவில்லை என்றாள். மகளிடம் சொல்லத்தான் மூன்று நாளாக வாய் வரவில்லை. இன்று அதையும் சொல்லியாகிவிட்டது.

தோஹாவில் நப்லாவுக்குக் குழந்தை பிறந்து பதினொரு நாள். வயிற்றைக் கீறி எடுத்த முதல் பிள்ளை. மருமகன் நுஸ்கிக்கு லீவு முடிந்து, விடிய வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருகிறான்.

நோன்புக்கு முன்பே போட்ட திட்டம் இது. இருபது நாள். பத்தியச் சாமான், சரக்குக்கறிக்கு இடித்த தூள், பழைய சாரத்தைக் கிழித்து ஓரம் தைத்த பிள்ளைத் துணிகள் என்று பெட்டி பாதி நிறைந்திருந்தது. அவர்கள் குடியிருக்கும் உட்துறைமுக வீதியில், அவள் போகப்போவது தெரியாத வீடில்லை.

அப்போதுதான் அங்கே சண்டை மூண்டு விமானங்கள் நின்றன. பக்கத்து வீட்டுப் பெண்கள் அவளுக்காகத் துஆக் கேட்டார்கள். றஹ்மாவும் கையேந்தினாள். பாதை திறக்க வேண்டும் என்று வாய் கேட்டது. நெஞ்சு கேட்டது வேறு.

நப்லா அனுப்பிய ஒரு குரல் பதிவுதான் காரணம். "பயப்படாதீங்க உம்மா, வாற மிசைல எல்லாம் மேல வச்சே அடிச்சி விழுத்துறாங்க" என்று சிரித்தபடி சொல்லியிருந்தாள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு சத்தம் விழுந்தது. றஹ்மாவுக்குத் தெரிந்த சத்தம்.

இரண்டாயிரத்து ஆறில் மூதூரில் ஷெல் விழுந்தபோது, நான்கு வயது நப்லாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கந்தளாய் வரைக்கும் நடந்தவள் அவள். கணவர் அப்போது சவூதியில். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவர் அந்தக் கதையைச் சொல்வார். "இவக்குப் பயமெண்டா என்னண்டு தெரியாது."

தெரியும். அன்று யோசிக்க நேரம் இருக்கவில்லை, அவ்வளவுதான். இது அப்படியல்ல. நாள் குறிக்க வேண்டும், பெட்டி பூட்ட வேண்டும், எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, தன் காலால் நடந்து போய் அந்தச் சத்தத்துக்குள் இறங்க வேண்டும்.

வெளியே கடற்படைப் படகொன்று இரைந்துகொண்டு போனது. அதற்கே அவள் தோள் ஒருமுறை குலுங்கி நின்றது.

"ஓம் உம்மா, இங்கயும் அப்பிடித்தான் சொல்றாங்க," என்றாள் நப்லா. "அவசரப்பட வேணாம். நிலைமை சரியானாப் பொறகு ஆறுதலா வாங்க."

பிழைத்தோம் என்று இருந்தது றஹ்மாவுக்கு. அப்படி இருந்ததை நினைக்கவே கூசியது.

குழந்தை அழுதது. நப்லா கைப்பேசியை எதிலோ சாய்த்து வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்தபடி மெல்ல எழுந்தாள். அவள் விலகியதும் பின்னாலிருந்த அறை முழுவதும் தெரிந்தது.

தரையில் ஒருவர் கால் நீட்டி உட்கார்ந்து, கால்களின்மேல் பிள்ளையைக் கிடத்தி எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். முக்காடு நழுவி நரைமுடி தெரிந்தது.

கிண்ணியா நபீஸா. நப்லாவின் கூட்டாளி பஹ்மியாவின் உம்மா. பஹ்மியாவும் அதே கட்டடத்தில்தான் குடியிருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை கிண்ணியாவில் ஒரு கலியாண வீட்டில் றஹ்மாவும் நபீஸாவும் ஒரே சஹன் தட்டைச் சுற்றியிருந்து சாப்பிட்டார்கள். பிளேன் எப்ப விடுவானோ என்று இருவரும் சேர்ந்துதான் கவலைப்பட்டார்கள். நபீஸாவுக்கு அறுபத்தெட்டு வயது.

"துவாயக் கொண்டுவாங்க மகள்," என்றார் நபீஸா. நப்லா துவாயை நீட்டினாள். கொடுத்துவிட்டுத் திரும்பியவள், கைப்பேசி எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை அப்போதுதான் கண்டாள்.

ஓடிவர ஏலாத உடம்போடு ஓடிவந்தாள்.

திரையில் மறுபடி அவள் முகம். உதடு வெளுத்திருந்தது. கண்ணுக்குக் கீழே விழுந்திருந்த கருவளையம் வரைக்கும் துலக்கமாகத் தெரிந்தது.

"உம்மா… கவரேஜ் இல்ல போல. உங்களுக்கு இங்க ஏதும் தெரிஞ்சதா?"

றஹ்மா கைப்பேசியைச் சற்றுத் தள்ளிப் பிடித்தாள்.

"இல்ல மகள்," என்றாள். "படம் நிண்டுட்டு. ஒண்டும் தெரியல்ல."