பெட்டிக்குள் படுக்கும் பொம்மை

அந்தமானில் மாயாபந்தர் படகு ஜெட்டிக்கு மேலே மேகம் கறுத்து நிற்கிறது. ஜன்னலோரக் கட்டிலில் அமிர்தராஜ் சாய்ந்திருக்கிறார். வாதம் அடித்த வலது கை, யாரோ வைத்துவிட்டு மறந்துபோன சாமான்போல மடியில் கிடக்கிறது. எதிரே பிஸ்கட் டின்னில் சாய்த்துவைத்த போனில், பொம்மலாட்டக்காரர்கள் திரைக்குப் பின்னால் வேலை செய்வதைக் காட்டும் படம் ஓடுகிறது. கறுப்பு உடுத்திய மூன்று பேர் ஒரு மரப்பொம்மையை நடக்கவைக்கிறார்கள். "அத விட்டு நாங்க கண்ணெடுக்கவே மாட்டோம். நாங்க பார்க்கிறவரைக்கும்தான் அதுக்கு உயிரு" என்கிறாள், பொம்மையின் தலையைப் பிடித்திருப்பவள். இந்த இடம் வரும்போதெல்லாம் அமிர்தராஜின் கோணிய வாயில் சிரிப்பு வந்துவிடுகிறது. அவர் மனைவி ஞானசெல்வி அந்த வலது கையைத் தூக்கிச் சட்டைக்குள் நுழைக்கிறாள். அவள் பார்வை வெளியே, கொடியில் காயும் துணிகள்மேல். "ஜல்தி கைய விடுங்க, மழ வந்துட்டு" என்கிறாள் கொடியைப் பார்த்து. சட்டைக் கைக்குள் விரல்கள் மடங்கிச் சிக்குகின்றன, பார்க்காமலே இழுக்கிறாள். வலி தெரியாத கை. பொத்தான்களையும் பார்க்காமலே போட்டு முடிக்கிறாள். போனில் ஆட்டம் ஓய்கிறது. அந்தப் பெண் பொம்மையைப் பெட்டிக்குள் படுக்கவைக்கிறாள். மூடி விழும்வரை அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "இன்னொருக்கா" என்று குழறுகிறார் அமிர்தராஜ். "எத?" என்று கேட்டபடியே ஞானசெல்வி துணியெடுக்க இறங்கிவிட்டாள். "அந்தப் பெட்டில வைக்கறத" என்கிறார் அவர், ஆளில்லாத வாசலிடம்.