'லே' போட்ட வாத்து

வடக்கேயிருந்து பறந்து வந்த வாத்துக்கு இறக்கை துவண்டுவிட்டது. குளத்தில் ஈரமில்லாத மேடு ஒன்றே ஒன்றுதான். அதில் ஒரு பெண் நாரை நின்றது.

இந்த ஊர்ப் பேச்சிலேயே கேட்டால் இடம் கிடைக்கும் என்று வாத்து காதைத் தீட்டியது. பக்கத்தில் இரண்டு ஆண் நீர்க்காகங்கள், "வாலே, மீனு கெடக்குலே" என்று பேசிக்கொண்டிருந்தன. 'லே'தான் இங்கே மரியாதை போலும் என்று வாத்துக்குத் தோன்றியது.

மேட்டருகே நீந்திப் போய், "யக்கா, ஒரு ஓரமா இருந்துக்கிடட்டுமாலே?" என்றது பணிவாக.

நீர்க்காகங்கள் விழுந்து விழுந்து சிரித்தன.

நாரை கழுத்தை நிமிர்த்தியது. "யாரப் பாத்து 'லே' போடுத? அது ஆம்பளப் பயலுவளக் கூப்பிடுதது!"

இனி எங்கே போய் ஒதுங்குவது? பயத்தில் வாத்துக்குச் சொந்தக் குரலே வந்துவிட்டது. "ஆங்க்" என்றது.

நாரைக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்தது. "யாத்தி, இதான் ஒங்கூர்ப் பேச்சா? நல்லாருக்கே!" என்று தானும் ஆசையாக இழுத்தது: "ஆஆங்க்!"

அப்படி இழுத்தால் வாத்துகளின் பேச்சில் 'ஓடிப் போ' என்று அர்த்தம்.

வாத்து திடுக்கிட்டு நிமிர்ந்தது. நாரையோ அதற்குள் தள்ளி நின்று பாதி மேட்டை வாத்துக்கு விட்டிருந்தது.

வாத்து அர்த்தத்தை விளக்கப் போகாமல் மேடேறி, காலை மடக்கி உட்கார்ந்தது.