தப்பாத சீட்டுக்கட்டு

மந்திரவாதிகள் சங்கத்தில் உறுப்பினரானால்தான் மேடை கிடைக்கும். தேர்வுக்கு வந்தவனின் சீட்டுக்கட்டிலிருந்து தலைவர் ஒரு சீட்டை உருவிப் பார்த்துவிட்டு உள்ளே செருகினார்.

"ஹார்ட்டின் ஏழு!" என்றான்.

"இல்லையே தம்பி."

அவன் கட்டை மறுபடி நீட்டினான். "வேற எடுங்க சார்."

எடுத்தார்.

"ஹார்ட்டின் ஏழு!"

"இதுவும் இல்ல. உனக்கு வேற சீட்டே தெரியாதா?"

பக்கத்திலிருந்த சங்கச் செயலாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவனுக்குப் பொறுக்கவில்லை. சீட்டுக்கட்டை மேசையில் மல்லாக்கப் பரப்பினான்.

"பொய் சொல்றீங்க சார்! நல்லா பாருங்க, அம்பத்திரண்டும் ஹார்ட்டின் ஏழுதான்! இந்தக் கட்டு தப்பவே தப்பாது!"

தலைவர் அவன் விண்ணப்பத்தில் குறுக்கே கோடு போட்டார்.

"தெரியும் தம்பி. வம்பிழுத்தா ரகசியத்தை உளறுவியான்னுதான் பார்த்தோம். கட்டை நம்பலாம், உன்னைத்தான் நம்ப முடியாது."