ஓட்டிப் பார்க்க வந்தவர்

தன் முழங்கால் வலிக்கு இந்த வண்டிதான் தோது என்று பெரியவர் முடிவுகட்டினார். தூரப் பயணத்துக்கென்றே செய்த பெரிய மோட்டார் சைக்கிள்; ஏறி உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் நன்றாகப் பதிந்தன.

"காடு வா வாங்கிற வயசுல மோட்டார் சைக்கிளான்னு என் வீட்டுக்காரி கேலி பண்றாம்மா" என்றார்.

வண்டியை விற்கும் அம்மாள் சிரிக்கவில்லை. "தெருமுனை வரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வாங்கண்ணா. வந்ததும் வாசல்ல நிறுத்தி ரெண்டு தடவை ஹாரன் அடிங்க."

ஹாரனையும் சோதித்து வாங்கச் சொல்கிறாள் போலும் என்று அவரும் அப்படியே செய்தார்.

உள்ளறைக் கட்டிலிலிருந்து நடுங்கும் குரல் ஒன்று வந்தது. "பையன் வந்துட்டானா?"

"வந்துட்டான். இனியாவது சாப்பிடுங்க."

தட்டை வைத்துவிட்டு வந்தவள் தலை நிமிரவில்லை. "பையன் தவறி வருஷம் ஒண்ணாச்சுண்ணா. அவன் அப்பாவுக்கு அது ஞாபகத்துல நிக்கல. இந்தச் சத்தம் கேக்காம ஒரு வாய் சாப்பிட மாட்டாரு. எனக்கு ஓட்டத் தெரியாது. அதான் விக்கிறதா விளம்பரம் போட்டேன். தப்புதான். வண்டி விக்கிறதுக்கில்ல."

பெரியவர் சாவியை அவள் கையில் வைத்தார்.

"ஒரு தடவை ஓட்டினா என்னம்மா தெரியும்? நாளைக்கும் வந்து ஓட்டிப் பாக்கிறேன்."