வறண்ட கிணறு

கடலுக்கு அடியில், களிமண்ணுக்கும் கீழே, நல்ல தண்ணீர் ஒன்று பல யுகமாக உப்புப் படாமல் கிடந்தது. என்றாவது யாராவது குடிக்க வருவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தது.

ஒருநாள் துளைக்குழாய் ஒன்று களிமண்ணைக் குடைந்துகொண்டு வந்தது.

"வாங்கண்ணே. தாகமா?" என்றது தண்ணீர்.

"கரையில எல்லாருக்கும் தாகம்தான். குடத்தோட லாரிக்குப் பின்னாடி ஓடுறாங்க. ஆனா என்னை எண்ணெய் தேடத்தான் அனுப்பினாங்க. உன்கிட்ட இருக்கா?"

"இல்லையே."

"அப்ப வறண்ட கிணறுன்னு எழுதிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்."

"துளையை அடைச்சிட்டாவது போங்கண்ணே. மேல கடல் இருக்கு."

"எண்ணெய் இல்லாத துளைக்கு யாரு சிமெண்ட் குடுப்பா?" என்று குழாய் மேலேறிப் போய்விட்டது.

அது போன வழியாகவே கடல் இறங்கி வந்தது.

"இத்தனை காலமா கீழ் வீட்டுலயே இருந்திருக்கீங்க. ஒரு குரல் குடுக்கக் கூடாதா?" என்று அன்பாகக் கேட்டது.

பதில் சொல்லத் தண்ணீர் வாயைத் திறந்தது. அதற்குள் வாய் கரித்தது.