‘தற்செயலாக’ ஒரு சந்திப்பு

“அப்பா, இந்தக் குளிருக்க உங்களுக்கு ஏன் இப்பிடி வேர்க்குது?”

“ஒண்டுமில்லை பிள்ளை. நீ வெளியில பார். மரமெல்லாம் என்ன வடிவா மஞ்சளாக் கிடக்குது!” என்றார் சவிரிமுத்து.

மகள் றூபினி வெளியே பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள். கோலியர்ஸ் வுட்டில் காரில் ஏறி ஒரு மணி நேரத்துக்கு மேலாகிறது. மோல் ஆற்றை ஒட்டிய பாதையில் கார் ஆமையாக ஊர்ந்தது. சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம். பின்னால் வந்தவன் இரண்டு தரம் ஹோர்ன் அடித்துவிட்டான்.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு, இலை நிறம் மாறுவதைப் பார்க்க இருபது மைல் கார் ஓட்டுகிற மனிதரா சவிரிமுத்து? வீட்டு வாசலில் குவிந்த இலையைக்கூட அவர் குனிந்து பார்த்ததில்லை.

“கலியாண விசயம்தானே?” என்றாள் றூபினி.

ஸ்டியரிங் ஒரு கணம் ஆடியது. மடு மாதாவே, இவளுக்கு எப்படித் தெரிந்தது?

“ஓம் பிள்ளை... ஆக்கள் வருகினம். ஒருக்காப் பார். பிடிக்கேல்லை எண்டா வேண்டாம் எண்டு சொல்லு. உன்ர சொல்லுத்தான் முடிவு. அவையளும் அப்பிடித்தான் சொல்லிப்போட்டினம்.”

“போன முறை டூட்டிங் சீலைக்கடையில ‘தற்செயலா’ ஒருத்தன். அதுக்கு முதல் கோயில் திருவிழாவில ‘தற்செயலா’ ஒருத்தன். இப்ப திராட்சைத் தோட்டமோ? அம்மா போய் ஆறு வருசம். நானும் போனால் உங்களை ஆர் பார்க்கிறது? அதை ஆராவது யோசிச்சியளோ?”

“யோசிச்சுத்தான்...” என்று தொடங்கினார். நாலு மாதமாக இதே கூத்துத்தான். குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் சரளமாக வருகிற பேச்சு, மகளைக் கண்டதும் ஓடி ஒளிந்துவிடும். இவள் மாட்டேன் என்று தலையாட்டினால் எல்லாம் முடிந்தது. பிறகு அந்தச் சனத்தின் முகத்தில் எப்படி விழிப்பது?

றூபினி பெருமூச்சு விட்டாள். “சரி, சொல்லுங்கோ. மாப்பிள்ளைக்கு என்ன வயசு?”

“கொஞ்சம்... கூடத்தான்.”

“சமைப்பாரோ?”

“முட்டை பொரிப்பார்.”

“கார் ஓடுவாரோ?”

“ஓடுவார். மெதுவாத்தான்.”

“குணம்?”

“பயந்த ஆள் பிள்ளை. சரியான பயந்த ஆள்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

தோட்டத்துத் தேநீர்க்கடையில், இவர்களைக் கண்டதும் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். ஒருவர் நரைத்த மீசைக்காரர். பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். நாவல் நிறச் சேலை. பற்றிஸ் பலகாரப் பெட்டி ஒன்றை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“நான் எட்வேட். பார்க்கிங் ரவுணில இருந்து வாறம். இது இம்மாகுலேற்,” என்றார் மீசைக்காரர்.

“இருங்கோ அன்ரி, ஏன் பயப்பிடுறியள்? நான் கடிக்கமாட்டன்,” என்றாள் றூபினி. பிறகு மேசையைப் பார்த்தாள். நாலே நாலு கதிரை. நிற்பதும் நாலு பேர்.

“எங்க உங்கட மகன்? காரை நிப்பாட்டப் போயிட்டாரோ?”

இம்மாகுலேற் குனிந்த தலையை இன்னும் குனிந்துகொண்டாள். எட்வேட் சவிரிமுத்துவைப் பார்த்தார். சவிரிமுத்து லேஞ்சியை எடுத்து நெற்றியைத் துடைத்தார். இனி ஒளிய இடமில்லை.

“பொம்பிளை இவற்ர தங்கச்சி. பார்க்க வந்தது நீதான் பிள்ளை. மாப்பிள்ளை... உன்னைக் காரில வைச்சு மெதுவா ஓட்டிக்கொண்டு வந்தவர்தான்.”

றூபினி அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு எட்டி அந்தப் பற்றிஸ் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

“அன்ரி, பிறகு என்னைக் குறை சொல்லப்படாது, இப்பவே சொல்லிப்போடுறன். இவர் முட்டையையும் கருக்கித்தான் பொரிப்பார்.”